மூன்றாம் எண் கதவு

நாற்பது நிமிடம் திறந்தே கிடந்திருக்கிறது.
உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திநாலு,
வெளியே பிரேமர்ஹாஃபனின் ஜூன் மழை.
பதினோரு அடுக்கு காட் மீன்
கல்லாக இருந்தது
விடிவதற்குள் மறுபடி மீனாகிவிட்டது.
இரவு முறைப் பதிவேட்டில் கையெழுத்து:
ட்யார்க் ஹின்ரிக்ஸ்.

எச்சரிக்கைக் கடிதம் எழுதவேண்டியவள் நான்.

படிவத்தில் எல்லாம் முன்பே அச்சாகியிருக்கிறது.
மதிப்பிற்குரிய திரு… அவர்களுக்கு,
நீங்கள்.
எங்கள் மொழியில் அந்த நீங்களுக்கு
முதல் எழுத்து பெரிதாக இருக்கும்,
தொப்பியைக் கழற்றாமல்
வீட்டுக்குள் வந்து நிற்கும் ஆள் போல.

ஒன்பது வருடமாக அவன் எனக்கு நீ.
மூத்தவள்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது வழக்கம்.
கேட்டேன், ஒரு டிசம்பர் விருந்தில்.
மீன்வாடைக் கையைக் கால்சட்டையில் இருமுறை துடைத்து
நீட்டினான்.
நீயிலிருந்து நீங்களுக்கு யாரும் திரும்புவதில்லை இங்கே,
சண்டைக்காரர்களைத் தவிர.

கைபேசியை எடுத்தேன்.
"என்னடா இது, மூணாம் நம்பர் கதவு?"
கண்ணடிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைச் சேர்த்தேன்.
அழித்தேன்.
பதினோரு அடுக்கு மீனுக்குக்
கண்ணடிக்க முடியாது.

நேரில் போனேன்.
பளுதூக்கி வண்டிகள் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும் சுவரோரம்
சிகரெட்டோடு நின்றான்.
எழுதாமல் விட்டுவிடுகிறேன், ட்யார்க்,
நமக்குள் இருக்கட்டும் என்றேன்.

"எழுது" என்றான்.
"நமக்குள் என்பது எந்த அலமாரியில் இருக்கு?
உனக்கு முன்னால் இருந்த ஓல்ட்மான்
எல்லாவற்றையும் நமக்குள்தான் வைத்திருந்தார்.
தோளில் கைபோட்டுத்தான் திட்டுவார்.
மூன்று வருடம் கழித்து
அத்தனையும் ஒரே நாளில் ஞாபகம் வந்தது அவருக்கு.
வாயால் விழுந்ததற்கு
நான் எங்கே பதில் எழுத?"

எழுதினேன்.
பன்னிரண்டு இடத்தில் நீங்கள்.

ஐந்தாம் நாள் பதில்.
இரண்டு தெரு தள்ளியிருப்பவன்
பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தான்.

மதிப்பிற்குரிய திருமதி வீப்கா ஹார்ம்ஸ் அவர்களுக்கு,
மூன்றாம் எண் கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருப்பதையும்
தானே மூடும் விசை சிக்குவதையும்
மார்ச் மாதம் இருமுறை,
காப்பி இயந்திரத்தின் அருகில்,
தங்களிடம் தெரிவித்தேன்.
தாங்கள் சிரித்தீர்கள்.

சிரித்தேன்தான்.
"கதவுக்கு போதை ஏறிடுச்சு வீப்கா,
பாதி வழியில நின்னு பாடுது"
என்றல்லவா சொன்னான்.
காப்பி சிந்தச் சிரித்தேன்.
இரவு கணவனிடமும் சொன்னேன், நடித்துக் காட்டி.
அவரும் சிரித்தார்.
ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்தும்
ஒரு புகார்
புகாராகப் போய்ச்சேரவில்லை.

அவன் நீங்கள் என்று எழுதிய பிறகுதான்
அவன் நீ என்று சொன்னது
என் காதில் விழுந்தது.

கோப்பில் இரண்டு கடிதத்தையும் சேர்த்தேன்.
மூன்றாவதாக, பழுதுநீக்கக் கோரிக்கை,
என் பெயரில்.
தாமதம்: தொண்ணூற்று ஐந்து நாள்.
காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு வரிக்குத்தான் இடம்.
நகைச்சுவை என்று நினைத்துவிட்டேன், என்று எழுதி
அடிக்கப் போனேன்.
அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காப்பி இயந்திரத்தடியில்
அவன் வந்து நின்றபோது
என்னவென்று அழைப்பது என்ற யோசனையில்
சர்க்கரையை இரண்டு தரம் போட்டேன்.

"மோயின்" என்றான்.
எங்கள் கடற்கரையில்
விடிகாலைக்கும் நடுராத்திரிக்கும்
துறைமுக அதிகாரிக்கும் கப்பல் சிறுவனுக்கும்
அந்த ஒரே வணக்கம்தான்.
அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை.
மோயின் என்றேன்.

கோப்பை நிறைகிற சத்தம்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"அஞ்சாம் நம்பர் கதவும் முனகுது.
பல்வலியோ என்னவோ."

உதடு சிரிக்கக் கிளம்பியது.
பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
ஐந்து.