ஆல்

"சாகும்வரை" ஒரு சொல்லா ரெண்டா
என்று கேட்டுவிட்டேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
ஒன்றுதான், சேர்த்தே அடியுங்கள்.
சேர்த்தே அடித்தேன்.

குழித்துறை நீதிமன்றத்தில் பத்தொன்பது வருஷத் தட்டச்சு.
வரப்பு, வாய்தா, கிணற்றுப் பாத்தியதை,
முன்னூற்றிரண்டும் உண்டு, ஆயுள் மட்டும்.
இது முதல்முறை.

கிளாட்சன் செய்ததையும் நான்தான் அடித்திருந்தேன்.
தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேர்,
சின்னதுக்கு நாலு வயசு.
ரப்பர் பால் வெட்டும் கத்தியால்,
பிறகு கல்லால்,
எதிரியால், எதிரியால், எதிரியால்.
எட்டுப் பக்கத்துக்கும் ஆல்
விழுது விட்டு இறங்கியிருந்தது.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
அவனுக்காகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் கடைசி வரி:
எதிரி சாகும்வரை தூக்கிலிடப்பட வேண்டும்.
யாரால்?
திரையில் சுட்டி துடித்துக்கொண்டே நின்றது.
மூன்றாம் வேற்றுமை அங்கே இல்லை.
மேலே தேடினேன், கீழே தேடினேன்,
உயர்நீதிமன்றம் உறுதி செய்யும்வரை என்று இருந்தது,
அரிதினும் அரிது என்று இருந்தது,
ஆல் இல்லை.

பெஞ்ச் கிளார்க் தவசிமணி சாருக்கு
சட்டம் என்றால் வெற்றிலை மாதிரி, மெல்லுவார்.
"பண்டு, தூக்கு குடுக்காம விட்டாத்தான்
ஏன் விட்டேன்னு ஜட்ஜ் எழுதணும்.
பெறகு மாத்தினாவ.
இப்ப குடுத்தா எழுதணும், ஏன் குடுத்தேன்னு.
அவ்வளவுதான் பிள்ளே
நூறு வருசத்துல நடந்த நகர்வு,
காரணம் இந்தப் பக்கத்துல இருந்து
அந்தப் பக்கம் போச்சு."

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும் என்பதால்
ஒருமுறை ஆவண அறையில்
பழைய திருவிதாங்கூர்க் கட்டுகளைப் பிரிக்கவிட்டார்கள்.
பாச்சை முட்டை, செல்லரித்த முத்திரை.
கொல்லம் 1119இல் வேலாயுதன், மரம் ஏறுபவன்.
தூக்கு. நிறைவேறியது. வைத்தியர் கையொப்பம்.
1120இல் ஞானாபரணம், உப்பளக் கூலி.
தூக்கு என்று எழுதி, அடித்து, ஆயுள் என்று எழுதியிருந்தது.
ராஜ்ஜியம் அந்த வருஷம் தூக்கை எடுத்துவிட்டிருந்தது.
இருவர் குற்றமும் ஏறக்குறைய ஒன்று.
நடுவே ஒரு சிங்க மாசம்.
ஆறேழு வருஷம் கயிறு சும்மா கிடந்தது,
பிறகு நாடு ஒன்றானபோது திரும்பி வந்தது.
நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
அந்தக் கட்டிலும் பார்த்தேன்:
மலையாளத்திலும் அதே ஆல்தான்,
அதே இடத்தில்தான் இல்லை.

கையெழுத்து ஆனதும்
பேனா முனையை மேசையில் குத்தினார்.
முன்பெல்லாம் நிப் உடையும் என்பார்கள்.
இது பத்து ரூபாய் பால்பேனா.
குத்தினார், குத்தினார், உடையவில்லை.
விரலில் மை.
அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
கிளாட்சன் காவலரிடம் வெள்ளம் கேட்டான்.
டவாலி பிரான்சிஸ் பேனாவை எடுத்துக்
காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தார்.
"எழுதுதே" என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.
அடுத்த வழக்கு வரப்புத் தகராறு:
வாதியால் தாக்கல் செய்யப்பட்ட மனு.

ஆறு மணி பஸ்சில் நல்ல கூட்டம்.
கழுவன்திட்டையில் நாலைந்து பேர்
மரச்சீனிக் கிழங்கோடு இறங்கினார்கள்.
அங்கே கழுமரம் நின்றதாகச் சிலர் சொல்வார்கள்,
இல்லை, யாரோ கழுவன் என்றொரு ஆள் என்பார்கள் வேறு சிலர்.
இறங்கியவர்கள் எதுவும் சொல்லவில்லை.
கிழங்கு இன்று கிலோ முப்பது.

என்னுடைய நிறுத்தம் ஆலுமூடு.
ரோட்டை அகலப்படுத்தியபோது ஆலை வெட்டிவிட்டார்கள்,
மூடும் இல்லை, பேர் இருக்கிறது.
கண்டக்டர் விசில் அடித்துக் கேட்டார்:
"ஆலுமூடு யாரு?"
எழ முடியவில்லை.
"ஆலுமூடு யாரு, யாருன்னு கேக்கேன்?"

நான்தான் என்றேன்.