போர்ட் இருபத்திரண்டு

சலாலா துறைமுகத்தில் ஜூலை.
கரீஃப் மூட்டத்தில் கிரேனின் தலையைக் காணோம்,
கால்கள் மட்டும் நிற்கின்றன.
குளிர்பெட்டி வரிசையில் டார்ச் அடித்து நடக்கிறேன்:
இறால், மைனஸ் பதினெட்டு.
கோழி, மைனஸ் இருபது.
மாம்பழம், ப்ளஸ் பத்து.
பிளக் சுட்டால் சிவப்புப் பேனா.
நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று,
நடுவில் மிஞ்சுவது என்னுடையது.

என்டர் விசை ஒட்டிக்கொள்ளும் லேப்டாப்.
இயந்திரத்தைத் தொடங்கு என்கிறது பயிற்சித் தளம்.
தொடங்குகிறேன்.
எங்கோ ஒரு கணினி பிறக்கிறது,
நான் உடைப்பதற்கென்றே.
ஆயுள் ஒரு மணி நேரம்.
பொத்தானை அமுக்கிக் கெஞ்சினால்
இன்னொரு மணி நேரம்.

முதல் பாடம் போர்ட் ஸ்கேன்.
சிரித்துவிட்டேன்.
ஏழு வருடமாய் வேறென்ன செய்கிறேன்,
எந்தக் கதவு திறந்திருக்கிறது
எதில் சீல் அறுந்திருக்கிறது என்று
பார்ப்பதைத் தவிர?
இங்கே கதவுகள் அறுபத்தையாயிரத்துச் சொச்சம்.
இருபத்திரண்டு திறந்திருந்தது.
தட்டினேன். பெயர் கேட்டது.
சொன்னேன். கடவுச்சொல் கேட்டது.

அதற்கு ஒரு பட்டியல் தருகிறார்கள்.
யார் யாரோ எப்போதோ பறிகொடுத்த சொற்கள்,
லட்சக்கணக்கில், வரிக்கு ஒன்றாக.
கருவி தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்க
நான் சும்மா படித்துக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு ஐ லவ் யூ.
எவ்வளவு சாமி பெயர்.
பிறந்த வருடம் ஒட்டிய பெண் குழந்தைகள்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று
அலுத்துப்போய் எழுதியவர்கள்.
ஒருவர் 'மன்னித்துவிடு' என்று வைத்திருந்தார்,
தினமும் காலையில் அதைத் தட்டித்தான்
உள்ளே போயிருப்பார்.
விளையாட்டுக்கு என்னுடையதைத் தேடினேன்.
இருந்தது.
எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சமாவது வரியில்
முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே
நின்றுகொண்டிருந்தாள் வெண்ணிலா,
எங்கள் கல்யாண வருடத்தோடு.

அன்றே மாற்றினேன்.
அவளிடம் சொல்லவில்லை.
இப்போது இருப்பது யாருடைய பெயருமில்லை,
நீளம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை, ரைசூத் கேம்ப்பில்,
முகவரியில் ஓர் எண் தவறிப்போய்
அதே கட்டளையை அடித்துவிட்டேன்.
வந்து நின்றது பயிற்சி இயந்திரமல்ல,
எங்கள் தாழ்வாரத்துக் கேமராப் பெட்டி.
பெயர்க் கட்டத்தில் அட்மின் என்று
ஏற்கெனவே எழுதியிருந்தது.
மீதிக் கட்டத்துக்கு என்ன என்று
பட்டியலின் முதல் பக்கம் படித்த எவனுக்கும் தெரியும்.
இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்டர்.
அந்தப் பக்கம் நூற்று அறுபது ஆட்கள்,
துண்டோடு குளிக்கப் போகிறவர்கள்,
மாடிப்படியில் போனை மார்பில் கவிழ்த்து வைத்து
அழுகிற நேபாளிப் பையன்.

உடைக்கச் சொல்லித்தருகிற பாடத்தின் முதல் வரியே
இதுதான்: அனுமதி இல்லாத கதவு
திறந்து கிடந்தாலும் சுவர்.
லேப்டாப்பை மூடினேன்.
விரல் மட்டும் கொஞ்ச நேரம் மடங்கவில்லை.

கேம்ப் பாஸ் குரியாக்கோஸிடம் சொன்னேன்.
"நீ எதுக்கு அதைப் பார்த்தே?"
பார்க்கல சார்.
"பார்க்காம எப்படித் தெரியும்?"
பெட்டிக் கதவு தொங்குதுன்னு சொல்ல
உள்ளே போய்க் கோழியை எண்ணணுமா சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் பெயரையும் ஐடி எண்ணையும்
நிதானமாக எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரமாயிற்று.
எனக்குக் கடிதம் வரவில்லை.
பெட்டிக்குக் கடவுச்சொல் மாற்றினார்களா, தெரியாது.
தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு,
அந்த வழியில் நான் போகக் கூடாது.

மணி இரண்டேகால்.
மூட்டம் தூறலாகிவிட்டது.
இன்றைய இயந்திரத்துக்கு ஆறு நிமிடம் பாக்கி,
இறாலுக்கு இன்னொரு சுற்று.
அந்தப் பையனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்,
படியில் உட்காரும்போது
சிவப்புப் புள்ளிக்கு முதுகைக் காட்டி
உட்காரச் சொல்லி.