மூணாறு தலைப்பில் வேலை பார்ப்பவரின் ரத்தம்

"கையை மூடுங்க" என்றேன்.
"மூட முடிஞ்சா ஒன்கிட்ட எதுக்கு வர்றேன்" என்றார்.

அமிர்தகடேசன், லஸ்கர், வயது ஐம்பத்தொன்று.
நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியுமிடத்தில்
இருபத்தாறு வருஷம் ஷட்டர் சக்கரம் சுற்றிய விரல்கள்.
இப்போது காலையில் சட்டைப் பொத்தான் போட
ஒரு மணி நேரம்.

மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது.
ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"இவனுகளை என் விரலுக்கு அனுப்புறது யாரு?"

போன தடவை நான் வாயை வைத்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கலாம்.

யாரும் அனுப்பவில்லை.
கக்கத்து நெறிக்கட்டியில் சும்மா கிடக்கும் ஒரு டி செல்,
போக ஊர் இல்லாமல்.
அதற்குள் ஆறடிக்கு மேல் நூல்,
கண்ணுக்குத் தெரியாத உருண்டையாய்ச் சுற்றியது.
எங்கிருந்தோ ஒரு துணுக்கு வந்து நிற்கும்.
நூலில் ஒரு சுற்று நெகிழும்.
இறுகிக் கிடந்த எழுத்தின்மேல் ஒரு புரதம் உட்கார்ந்து
இதைப் படி என்னும்,
அதை இனிமேல் படிக்காதே என்னும்.
நெறிக்கட்டிக்குத் திரும்பும் வழி மறந்துபோகும்.
மேலே புதிதாய் ஒரு மூக்கு முளைக்கும்,
வீக்கத்தின் வாடைக்கு மட்டும் விடைக்கிற மூக்கு.

அப்புறம் ரத்தத்தோடு போகும்.
வாடை வரும் இடத்தில் குழாய்ச்சுவர் பிசுபிசுக்கும்.
உருண்டு, ஒட்டி, விட்டு,
மறுபடி ஒட்டி,
நின்று,
வரப்பில் நண்டு நுழைகிற மாதிரி.

மதகு என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபம்.
ஆனால் மதகின் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.
இதற்குச் சாவியும் இல்லை, இடுப்பும் இல்லை.
எந்தக் கிளையில் போவதென்று
தண்ணீருக்குள்ளேயே எழுதியிருக்கிற ஆறு.

"சரி. என் விரல்ல என்ன புண்ணு?"
ஒன்றும் இல்லை.
"அப்ப வாடை?"
அது மட்டும் வருகிறது.

பஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார்.
"ஒரு ஐப்பசியில ராத்திரி ரெண்டு மணிக்குப் போன்,
பாமணியாத்துல ஒடைப்புன்னு.
நூறு மூட்டை மணலோட ஓடுனோம்.
ஒடைப்பே இல்ல.
கொண்டுபோனதைத் திருப்பி எவன் தூக்குறது?
கரையில அடுக்கிட்டு வந்துட்டோம்.
பாரம் தாங்காம
அடுத்த வாரம் அந்த எடத்துலதான் கரை உள்வாங்குச்சு.

போன் பண்ணுனது யாருன்னு
இன்னவரைக்கும் தெரியாது."

சில்லறை இல்லை என்றேன். அப்புறம் தா என்றார்.
ஆறு மணிக்குக் கோரையாற்றில் தண்ணீர் குறைக்க வேண்டும்;
சக்கரத்தை முழங்கையால் சுற்றப் பழகிக்கொண்டாராம்.

குழாயில் பேர் எழுதி ஒட்டினேன்.
இழுத்துவிட்டேன், ஆனாலும் அவற்றுக்குத் தெரியாது.
அந்தச் சிவப்புக்குள் எங்கோ
சில மூக்குகள் இன்னும் விடைத்தபடி,
என் மேஜைமேல்,
ஒரு விரலைத் தேடிக்கொண்டிருக்கின்றன.