ஏழாம் தொகுதி நனைந்தபோது

குழித்துறை கோர்ட்டு நூலகத்தில்
ஓடு விலகிய இடம் பார்த்து
ஐப்பசி மழை
நேரே அரசியல் நிர்ணய சபைக்குள் இறங்கியது.

பன்னிரண்டு தொகுதியில் ஏழாவதுதான் முழுக்க நனைந்தது.
"வெயில்ல வைக்காத, வளைஞ்சிரும்"
என்றார் கிளார்க் தாணுமாலயன்.
ஃபேனுக்குக் கீழே மேசையை இழுத்து
இரண்டு தாளுக்கு ஒரு பழைய பேப்பர் சொருகுகிறேன்.
நாளுக்கு எண்பது பக்கம்.
அதற்கு மேல் போனால் தாள் கிழிகிறது,
அல்லது நான் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

நாற்பத்தெட்டு, நவம்பர்.
அப்போது இந்தக் கரை திருவிதாங்கூர்.
டெல்லியில் ஒருவர்
'அல்லது' வேண்டாம், 'மற்றும்' போடுங்கள் என்கிறார்.
திருத்தம் தோற்றது.
இன்னொருவருக்கு ஒரு காற்புள்ளி உறுத்துகிறது.
அதுவும் தோற்றது.
ஜெயித்ததற்கும் தோற்றதற்கும்
அதே எழுத்து, அதே மை.
எங்கள் வீட்டில் தோற்ற பேச்சை
யாரும் எழுதிவைப்பதில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு.
எதற்கென்று முந்தின வரியை மூன்று தடவை படித்தேன்.

'ஒரு கனம் உறுப்பினர்: இல்லை, இல்லை.'
பெயர் கிடையாது.
சுருக்கெழுத்தாளர் தலை நிமிர்வதற்குள்
உட்கார்ந்திருப்பார்.

நானூற்றுப் பன்னிரண்டில் நுழைந்த ராமபாணம்
நானூற்று முப்பதில் வெளியேறியிருக்கிறது.
போகிற வழியில் ஒரு 'நாட்'டைத் தின்றுவிட்டது;
கூடாது என்றிருந்தது
கூடும் என்று நிற்கிறது.
முன்மொழிந்தவர் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

நாலாம் நாள் வக்கீல் ஜெனோவா வந்தாள்.
குளச்சல்காரி. சீனியர் இல்லாமல் முதல் கேஸ்.
"அந்த வார்த்தைய
மறந்து விட்டாங்களா,
வேண்டாம்னு விட்டாங்களா?
அது மட்டும் தெரியணும் அக்கா.
நாளைக்குப் பத்தரைக்குக் கூப்பிடுவாங்க."

அந்தப் பக்கம் இன்னும் ஈரம்.
இரண்டு தாள் ஒரே தாளாக ஒட்டிக் கிடந்தது.
ஓடிப்போய் ஹாஸ்டலிலிருந்து
முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தாள்.
ஸ்கேல் நுனியால் நான் பிரிக்க
மூச்சை அடக்கி அவள் காற்றைக் காட்ட,
கரண்ட் போய், வந்து,
மறுபடி போய்,
ஏழு மணிக்குத் திறந்தது.

கேட்டிருந்தார் ஒருவர்.
அதே வார்த்தையை.
ஒன்றரைப் பக்கம் கெஞ்சியிருந்தார்.
தோற்றிருந்தது.

அவள் கேஸுக்கு அது நல்லதா கெட்டதா
எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.
"கேட்டிருக்காங்க, பாத்தியளா" என்றாள் இரண்டு தடவை.
செல்போனில் படம் எடுத்தாள்.

படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கண்டோம்:
நான் சொருகிய பேப்பரின் மை இறங்கி
தோற்ற திருத்தத்தின் மேல்
கண்ணாடி எழுத்தாக
ஒரு நகைக்கடை விளம்பரம்.

செய்கூலி இல்லை,
சேதாரம் இல்லை.