நடுவில் உள்ள இரண்டு எண்

செதாப்பாக், மதியம் ஒன்றே கால்.
மாமாக் கடை மின்விசிறி
எவர் தலைக்கும் காற்றுத் தராமல்
தன் வேர்வையைத் தானே ஆற்றிக்கொள்கிறது.

"இதுவும் நாசி கண்டார்தானே" என்றான் இளம்பரிதி,
மூவார்க்காரன், வாயில் பாதிக் கோழி.
நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.
வைத்த சத்தத்திலாவது
அவன் சுதாரித்திருக்கலாம்.

இது சோறு. மேலே குழம்பு. அவ்வளவுதான், தம்பி.
எங்கள் பக்கம்
மீன், ஆடு, கணவாய், பருப்பு
நாலும் தட்டிலேயே அடித்துக்கொண்டு
சமாதானமாகிச் சோற்றில் இறங்கும்.
வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றவனுக்கு மட்டுமே
அந்த உடன்படிக்கை தெரியும்.

அவன் விடவில்லை.
பினாங்குக்காரர்கள் கஞ்சர்களாம்.
P எண் வண்டி முன்னால் போனால்
சிக்னல் போடாமல் திரும்பும் என்று
முன்கூட்டியே பிரேக்கில் கால் வைப்பானாம்.
கஞ்சம் இல்லை, கணக்கு என்றேன்.
சிக்னல் எதற்கு, எங்கே போகிறோம் என்று
எங்களுக்குத்தான் தெரியுமே என்றேன்.
மேசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இதே வாய்தான்
காலையில் அண்ணனிடம் போனில் கத்தியது:
மூன்று நாளாய்க் குழாயில் காற்று,
மழை பெய்தால் அடுப்படியில் ஆறு,
மலையை வெட்டி வெட்டி மாடி கட்டுகிறான்கள்,
மனிதன் இருப்பானா அந்த ஊரில்?
அண்ணன் "சரி சரி" என்று வாளியை நகர்த்தினான்.
அது வேறு.
என் வீட்டுக் கூரை ஒழுகுவதை நான் சொல்லலாம்;
நீ அண்ணாந்து பார்க்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை என்றாலும்.
என் வீடு தீவில் இல்லை.
புக்கிட் மெர்தாஜாம்.
தீவில் படித்த இரண்டு வருடமும்
நான் அக்கரைக்காரி.
பெர்ரியிலிருந்து இறங்கினால் போதும்,
"பினாங்கு சுற்றிப் பார்க்க வந்தாயா?" என்பாள் ஸுவீ ஹூன்.
கோலாலம்பூர் வந்த பதினேழு வருடத்தில்
இடையில் கிடந்த கடலை
நானே தூர்த்துவிட்டேன்.
எந்த ஊர்?
பினாங்கு.
கண் கொட்டாமல்.

அப்போதுதான் ரொஹாயா
காப்புறுதிப் பாரத்தை எடுத்தாள்.
அடையாள அட்டை கேட்டாள்.
எப்போதும் பெருவிரலை
ஒரே இடத்தில் வைத்தே நீட்டுவேன்.
இன்று விரலில் சம்பல்.

சுழியம் இரண்டு.
கெடா.

கூலிமில் ஒரு கல்யாணம். அம்மா
பந்தியில் உட்காருவதற்குள்
நான் அவசரப்பட்டுவிட்டேன்.
நான்காம் நாள் எல்லை தாண்டி வீட்டுக்கு வந்தாயிற்று.
மூன்றே மூன்று நாள்.
அதற்கு ஆயுள் முழுக்க இரண்டு எண்.

ரொஹாயா ஜித்ராக்காரி.
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
குரலைத் தாழ்த்தி
"ஹங் ஓராங் கமி கா?" என்றாள்.
நீ எங்கள் ஆளா.
என் வாயில் இருப்பதும் அதே "ஹங்"தான்;
ஆற்றுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று
அந்தச் சொல் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.
நாங்கள் குடிக்கும் தண்ணீரும் அந்த ஆறுதான்.
இதை நான் இந்த மேசையில்
சொன்னதே இல்லை.

"கெடாவா?" இளம்பரிதிக்குக் காது நீளம்.
"அங்கே என்ன இருக்கு, நெல்லும் நாரையும்."

கரண்டி கீழே இறங்கியது.
ரொஹாயாவுடையது இல்லை.

பில், முப்பத்தெட்டு ரிங்கிட் நாற்பது காசு.
மூன்று பேருக்கும் நானே கொடுத்தேன்,
கஞ்சர்கள் என்று இனி ஒரு வாய் திறக்கட்டும்.
மீதியை
இரண்டு முறை எண்ணி வாங்கினேன்.