கடலோரத்துக்குப் பொருந்தாது

மதுரையில் பயிற்சி வகுப்பு. ஏ.சி. அறை.
டை கட்டிய பையன் ஒரு பானட் துண்டின் மேல்
தண்ணீரை ஊற்றினான்.
உருண்டது. ஓடியது. ஒரு சொட்டு நிற்கவில்லை.
"தாமரை இலைத் தண்ணீர் சார். மூணு வருஷம்
எதுவும் ஒட்டாது."
வாட்டர் வாஷ்காரர்கள் இருபது பேர்
கை தட்டினோம்.
ஊறிப்போன கைகள், சத்தம் சரியாக வரவில்லை.

பன்னிரண்டு குப்பி வாங்கினேன்.
ஒவ்வொன்றும் கண்மருந்து அளவு.
வீட்டில் சொன்ன விலை, பாதி.

மண்டபத்தில் முதல் ஆள் சீனி ஆபிதீன்.
வேதாளைக்காரர். தோஹாவிலிருந்து திரும்பி
மகள் நிக்காஹுக்கு முன்னால் எடுத்த கறுப்பு வண்டி.
ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு நாள் தேய்த்தேன்,
நம்புவேல் டார்ச் பிடித்தான், தூங்கி விழுந்துகொண்டே.
மூன்றாம் நாள் கதவில் என் முகம் தெரிந்தது,
சவரத்தில் விட்டுப்போன இடம்கூட.
பதினெட்டாயிரம். அவர் எதிரில் எண்ணவில்லை.
போன பிறகு இரண்டு தரம் எண்ணினேன்.

பிறகு கச்சான் கிளம்பியது.

தென்கடலைத் தூளாக்கி
ரோட்டைத் தாண்டி
வடகடலில் கொண்டுபோய்க் கொட்டுகிற காற்று.
வழியில் நிற்பது வண்டியா, ஆடா,
காயப்போட்ட சட்டையா என்றெல்லாம் பார்க்காது.

எழுபத்தோராம் நாள் ஆபிதீன் வந்தார்.
சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
பானட்டில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தார்.
"ஒரு சட்டி ஆணத்துக்குக் காணும்."
கறுப்பின் மேல் வட்டம் வட்டமாய்
தேமல் படர்ந்த மாதிரி வெள்ளை.
எந்தத் தண்ணியில கழுவுனீங்க என்றேன்.
"உன் கடைத் தண்ணியிலதான்."

என் போர்த் தண்ணீர் சோப்பைக்கூட நுரைக்கவிடாது.
வகுப்பில் அந்தப் பையன் ஊற்றியது
இருபது ரூபாய் பாட்டில். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.
இங்கே நல்ல தண்ணீர் லாரியில் வரும்.
ஆட்களுக்கு முன்னால் குடங்கள் வந்து
வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
ஒரு காருக்கு முப்பது குடம் வேண்டும் என்று
அந்த வரிசையில் நின்று சொல்லட்டும் அவன்,
டையோடு.

வாரண்டி அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
அவர் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார்:
'கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்
இந்த உத்தரவாதம் பொருந்தாது.'
வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார்.
இரண்டு பக்கமும் இரைந்தது.
"அப்ப இந்த ஊருல யாருமே பொருந்த மாட்டோம் தம்பி."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள்.
நினைக்கிறது இந்தக் கார்,
நாலு கதவின் அடி விளிம்பிலும், நம்பர் பிளேட் திருகிலும்,
பெட்ரோல் மூடிக்குள் யாரும் பார்க்காத இடத்திலும்.

ஆறாயிரம் திருப்பிக் கொடுத்தேன்.
மீதிக்கு, "கழுவிக் கழி" என்று சொல்லிவிட்டார்.

சந்தியாகு ஒரு குப்பி கேட்டான், வள்ளத்து இஞ்சின் பெட்டிக்கு.
என்னாச்சு என்றேன். மீனு வழுக்குது என்றான்.
பில்லைக் கண்டுபிடித்த என் மனைவி
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
இரண்டு குப்பியை எடுத்துக் கிரில் கேட்டில் பூசிவிட்டாள்.
பளபளப்பாகத் துருப்பிடிக்கிறது.

கம்பெனியிலிருந்து நேற்று போன்.
"புது வெர்ஷன் சார். கிராபீன். அஞ்சு வருஷம்."
போனைக் காற்றுக்கு நேராகப் பிடித்தேன்.
"என்ன சார் அங்க ஒரே இரைச்சல்?"
"கஸ்டமர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னால்
கறுப்பு வண்டி வந்து நிற்கும்.
இரண்டு குடம் லாரித் தண்ணீர். ஒரு பழைய பனியன்.
கூரையிலிருந்து கீழே, கீழேயிருந்து சக்கரம்.
தண்ணீர் உருளாமல், ஓடாமல்
நின்ற இடத்தில் நிற்கும்.
வெயில் எடுக்கும் முன் துடைப்பேன்.

வைப்பர் அடியில் கொஞ்சம் மணல் மிச்சம்.
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.