வெளிமூலைப் பந்து

லேக்லேண்ட், பகல் பதினொன்று.
பார்க்க வந்தவர் ஏழு பேர்;
அதில் மூவர், என்னைப் போல், சம்பளத்துக்கு.

எலியெசர் உர்தனேத்தா, கேட்ச்சர், வயது பத்தொன்பது.
முகக்கூண்டுக்குள் சூயிங்கம்.
தளம் திருட ஓடியவனுக்கு முன்னால்
இரண்டாம் தளத்தில் பந்து.
ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு நொடி.
நம்பாமல் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தேன்.

வெளியே போகும் பந்தை
ஓசையில்லாமல் உள்ளே இழுத்து வைக்கிறது கையுறை.
நடுவர் கை உயர்கிறது.
நானும்தான் ஏமாந்தேன்.

ஆறாவது சுற்றில் மட்டையோடு வந்தான்.
அதே மூலை, அதே வெளிப்பந்து.
காலையிலிருந்து தான் விற்ற சரக்கைத்
தானே வாங்கினான்,
மூன்று முறை, முழு விலைக்கு.

கைக்கு அறுபது.
மட்டைக்கு முப்பத்தைந்து என்றெழுதி
அழித்தேன்.

கடைசி வீச்சு காற்றில் போனதும்
அவன் திரும்பிப் பார்த்தது
எதிரணி கேட்ச்சரின்
கையுறையை.